ஐந்நூறு டாலர் பில்

2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர நிர்வாகம், செத்துப்போன ஒரு பையன் பேரில் 500 டாலர் பாக்கி என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டது. ஆம்புலன்சில் தந்த உயர்நிலை உயிர்காப்புச் சிகிச்சைக்கு 450. வண்டி ஓடிய தூரத்துக்கு 50. பையன் பேர் தமிர் ரைஸ். கறுப்பினச் சிறுவன், வயது 12. அவனைச் சுட்டதும் அதே நகரத்தின் போலீஸ்தான்.

படித்தபோது எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. எவனோ ஒரு குமாஸ்தா உட்கார்ந்து கூட்டிப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான். மறுநாளே மேயர் மன்னிப்புக் கேட்டார், மனுவும் திரும்பப் போனது. வழக்கமான நடைமுறைதானாம். அந்த 'வழக்கமான' என்கிற வார்த்தைதான் என்னை விடவில்லை.

2014 நவம்பர் 22. பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான் பையன். ஒருவர் போலீசுக்குப் போன் போடுகிறார். சின்னப் பையனாக இருக்கலாம், துப்பாக்கியும் நிஜமில்லாமல் இருக்கலாம் என்று அவரே சொல்கிறார். அந்த இரண்டு தகவலும் வண்டியில் வந்த போலீசுக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி வந்து நின்ற இரண்டு நொடிக்குள் வயிற்றில் குண்டு. அப்புறம் சுமார் நாலு நிமிஷம், முதலுதவிக்கென்று இரண்டு போலீசில் ஒருத்தர் கையும் அவன்மேல் படவில்லை. ஓடிவந்த 14 வயசு அக்காவைக் கீழே தள்ளி, விலங்கு பூட்டி, போலீஸ் காரில் ஏற்றினார்கள். அதற்குக் கை இருந்தது.

முதலில் காயத்தைக் கவனித்தவர் அந்தப் பக்கம் வேறு வேலையாக வந்திருந்த எஃப்.பி.ஐ. ஆள். பாராமெடிக் பயிற்சி பெற்றவர். போலீஸ்காரர்கள் ஏதாவது செய்யத்தான் நினைத்தார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று பின்னால் விசாரணையில் சொன்னார். இருக்கலாம். சுடக் கற்றுக்கொடுத்த அரசு ரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் குழு வந்து சேர்ந்தது அவருக்கும் பிறகு. தாய் சமாரியா ரைஸ், போலீஸ் காரில் இருக்கும் மகளோடு இருப்பதா, மகனோடு போவதா என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. ஆம்புலன்சின் முன்சீட்டில் உட்கார்ந்து மகனோடு போனார். அந்த 50 டாலர் தூரம் அதுதான். மறுநாள் பையன் செத்துப்போனான்.

ஊரில் அத்தைகிட்ட இதைச் சொன்னேன். பில் கதையை அவங்க பெரிசா எடுத்துக்கல. "அதெல்லாம் போடுவானுங்க" என்றாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பொண்ணுக்கு எதுக்குடா வெலங்கு?" என்றாங்க.

பில்லில் 450 டாலர் என்று விலை போட்டார்களே, அந்த வேலையைத் தொடங்கிவைத்தவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் எரிகிறது. பக்கத்து மாநிலத்து பிட்ஸ்பர்க் நகரில் 1960களில் ஆளுக்கு முடியவில்லை என்றால் வருவது போலீஸ் வேன். தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டுவதுதான் வைத்தியம். கறுப்பர்கள் வாழும் ஹில் பகுதிக்கு அதுவும் நேரத்துக்கு வராது. வந்தாலும் ஏறப் பயம். 1967இல் அங்கே ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலைக்கே லாயக்கில்லை என்று ஒதுக்கிவைத்திருந்த கறுப்பின இளைஞர்கள்தான் அதன் ஆட்கள். மருத்துவர் பீட்டர் சஃபார் வகுத்த பயிற்சி. ஓடும் வண்டிக்குள்ளேயே உயிரைப் பிடித்து நிறுத்தலாம் என்று அந்த நாட்டுக்குச் செய்துகாட்டிய முன்னோடிகள் அவர்கள். 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைக் கொண்டுவந்து இதை மூடியது. புதிய சேவைக்குள் போன கறுப்பின ஆட்களும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்பட்டார்கள். (நமக்கு இது புதுசா என்ன?)

கிளீவ்லாந்தில் 2015இல் மத்திய நீதித்துறையோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். போலீசுக்கு முதலுதவிப் பயிற்சி, வண்டியில் முதலுதவிப் பெட்டி என்றெல்லாம் அதில் எழுதினார்கள். அதே வருஷம் டிசம்பரில், சுட்டவர்மேல் வழக்கு இல்லை என்றது கிராண்ட் ஜூரி. 2016 ஏப்ரலில் குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் தர நகரம் சம்மதித்தது, தப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமல். 2017இல் சுட்டவரை வேலையை விட்டு நீக்கினார்கள். வேலைக்குப் போட்ட விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தாராம்.