காப்பி குடிக்க நிறுத்தினாரா, குடிப்பதையே நிறுத்தினாரா?

மஞ்சக்குட்டையில் அண்ணன் வீட்டுத் திண்ணை. மழை விட்டும் சில்வர் ஓக் மரங்களின் மிளகுக்கொடிகள் சொட்டிக்கொண்டிருந்தன. பன்னிரண்டாவது படிக்கும் அண்ணன் மகள் ஆங்கில நோட்டோடு வந்தாள்.

"சித்தப்பா, எங்க 'டு' போடணும், எங்க 'இங்' போடணும்? மண்டை காயுது."

கையில் காப்பி இருந்தது. அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

"'ஸ்டாப்டு டு டிரிங்க் காஃபி'ன்னா, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்தவர் காப்பி குடிக்க வண்டியை நிறுத்தினார். 'ஸ்டாப்டு டிரிங்கிங் காஃபி'ன்னா, குடிப்பதையே நிறுத்திட்டார்."

"ஐயோ, அப்ப நம்ம காப்பித் தோட்டம் என்னாகும்?" என்று சிரித்தாள்.

'குடிக்க' வினையெச்சம். 'குடிப்பது' தொழிற்பெயர். நாக்குக்கு முன்பே தெரிந்ததுதான். 'ரிமெம்பர் டு லாக்' என்றால் பூட்ட மறக்காதே, இனி செய்ய வேண்டியது. 'ரிமெம்பர் லாக்கிங்' என்றால் பூட்டியது ஞாபகம் இருக்கிறது, செய்து முடித்தது.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. 'வான்ட்' வந்தால் 'டு'தான், 'என்ஜாய்' வந்தால் 'இங்'தான். அதெல்லாம் மனப்பாடம்.

என்னையே பல வருடம் ஏமாற்றியது 'லுக் ஃபார்வர்டு டு'. 'டு' இருக்கிறதே என்று எல்லாக் கடிதத்திலும் 'மீட்' என்றே முடித்திருக்கிறேன். 'மீட்டிங்' என்று வர வேண்டும். அந்த 'டு' நம் நான்காம் வேற்றுமை மாதிரி. 'சந்திப்பதற்கு' என்கிறோமே, 'கு' ஒட்ட ஒரு பெயர் வேண்டும் அல்லவா?

அவள் நோட்டை மூடினாள். "சித்தப்பா, காப்பி ஆறிடுச்சு."

பேசுவதை நிறுத்தினேன், குடிக்க.