பாகுப் பதம்

வாசக சகோதரிகளிடம் முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பத்திரிகைக் காரியாலயத்தில் என் மேஜைக்கு வந்து சேரும் சமையல் குறிப்புகளுக்குக் கணக்கே கிடையாது. "பாகு பதம் வந்ததும் இறக்கவும்" என்று நீங்கள் எழுதி அனுப்பியதை நூறு தடவையாவது பிழை திருத்தி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 2024-ம் வருஷத்துக் கார்த்திகை வரையில் நான் என் கையால் ஒரு தடவைகூடப் பாகு வைத்தது கிடையாது! எங்கள் வீட்டுக் கார்த்திகைப் பொரி உருண்டை, வருஷா வருஷம் தெருக்கோடிக் கடையிலிருந்து அட்டைப் பெட்டியில்தான் வந்து கொண்டிருந்தது.

சோம்பல்தான் காரணம் என்று என் மாமியார் நினைத்தார். நேரமில்லை என்று என் கணவர் பெருந்தன்மையோடு நினைத்தார். உண்மைக் காரணமோ என் இடது உள்ளங்கையில் இருக்கிறது. கட்டை விரலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு. எனக்கு ஏழு வயதாயிருந்தபோது, ஒரு கார்த்திகையன்று, பொரி உருண்டைப் பாகு பட்டுக் கை வெந்துவிட்டது. யாரோ ஓடி வந்து பேனா மையைக் கொட்டினார்கள். அன்றிலிருந்து அம்மா என்னை அடுப்புப் பக்கமே அண்டவிடவில்லை. "துறுதுறுவென்று வந்து பாத்திரத்தில் கையை விட்டுவிட்டாள்!" என்பது எங்கள் குடும்ப சரித்திரத்தில் நிலைத்துப் போன வாசகம். உறவினர்கள் கூடினால் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அந்த வருஷம் டிசம்பர் 13-ந் தேதி, வெள்ளிக்கிழமை, கார்த்திகை தீபம். அதற்கு முதல் நாள் சென்னையில் மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். எட்டு வயதுப் பையனும் ஐந்து வயதுப் பெண்ணும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நான் வீட்டிலிருந்தபடியே காரியாலய வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அதாவது, பார்ப்பதாகப் பாவனை செய்து கொண்டிருந்தேன்.

பையன் ஒரு படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் குழந்தைகள் பனியை உருட்டிப் பந்து செய்து விளையாடினார்கள்.

"அம்மா, நம் ஊர்க் குளிர்காலத்தில் ஏன் பனி விழவில்லை?"

நான் பதில் யோசிப்பதற்குள், சோபாவில் சாய்ந்திருந்த என் அம்மா முந்திக்கொண்டாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பொங்கல் கழித்து ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார்.

"பனி உருண்டை என்னடா பிரமாதம்! அதைத் தின்ன முடியுமா? வா, பொரி உருண்டை பிடிக்கலாம். அதுவும் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும்."

"குழந்தைகளா? பாகு பக்கத்திலா? வேண்டவே வேண்டாம்!" என்று நான் அலறினேன். அலறிய பிறகுதான் தெரிந்தது, அது அப்படியே அம்மாவின் பழைய குரல் என்று. அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எனக்குக் கண் தெரியாது. நீ பாகு வை. நான் சொல்கிறேன்" என்றாள்.

அம்மா செய்த முதல் காரியம், அரிசி மாவால் சமையலறைத் தரையில் ஒரு கோடு இழுத்ததுதான். "இது லட்சுமணன் கோடு. அடுப்பு எரியும்போது யாரும் இதைத் தாண்டக் கூடாது." கோட்டுக்கு இந்தப் பக்கம் குழந்தைகளுக்கு நிஜமான உத்தியோகங்கள் கிடைத்தன. சின்னவள் முறத்தில் நெல் பொரியைப் பரப்பி, ஒட்டியிருந்த உமியைப் பொறுக்கினாள். பெரியவன் ஏலக்காயையும் சுக்கையும் இடித்தான். நடுநடுவே கேள்வியும் கேட்டான்: "நெல் எப்படிப் பாட்டி பொரியாகிறது?"

"சூடான மணலில் போட்டு வறுப்பார்கள். நெல்லுக்குள் கொஞ்சம் ஈரம் இருக்குமில்லையா? அது ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் முட்டும். படக்கென்று வெடித்துவிடும்."

நாலு தம்ளர் பொரிக்கு ஒரு தம்ளர் பொடித்த வெல்லம், கால் தம்ளர் தண்ணீர். வெல்லம் கரைந்ததும் மண் போக வடிகட்டி மறுபடி அடுப்பில் ஏற்றினேன். பல்லுப் பல்லாய்க் கீறிய தேங்காயை நெய்யில் வதக்கித் தயாராக வைத்திருந்தேன்.

பதம் பார்ப்பது எப்படி? இங்கேதான் பெரியவனுக்குப் பதவி உயர்வு. கோட்டுக்கு அப்பால், மேஜைமேல் ஒரு கிண்ணம் தண்ணீர்; பக்கத்தில் எவர்சில்வர் தட்டு. நான் ஒரு சொட்டுப் பாகைக் கரண்டியில் எடுத்துப் போய்த் தண்ணீரில் விட்டேன். அது கரைந்து போயிற்று. இரண்டாவது சொட்டு உருண்டு வந்தது. தட்டில் போட்டதும் 'சொத்'தென்று ஒட்டிக்கொண்டது. "இன்னும் இல்லை" என்றாள் அம்மா, திரும்பிப் பாராமலே. மூன்றாவதைப் பையன் விரலால் உருட்டித் தட்டில் வீசினான்.

'ணங்!'

"இறக்கு!" என்றாள் அம்மா. எத்தனையோ குறிப்புகளில் நான் பிழை திருத்திய 'பதம்' என்ற சொல்லுக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் காதில் விழுந்தது.

பொரியையும் தேங்காயையும் ஏலக்காய், சுக்குப் பொடியையும் பாகில் கொட்டிக் கிளறினேன். வாசனை கூடம் வரையில் போயிற்று. குழந்தைகள் கோட்டின் விளிம்பில் கால் கட்டை விரலை வைத்துக்கொண்டு தவித்தார்கள். "பொறுங்கள்! கொதிக்கிற தண்ணீர்கூட 100 டிகிரிதான். இந்தப் பாகு 120 டிகிரிக்குக்கூடப் போகும். போதாக்குறைக்குத் தோலில் ஒட்டிக்கொண்டு விடவும் விடாது. அம்மா சின்ன வயதில் துறுதுறுவென்று கையை விட்டுத்தான்..." என்று தழும்பைக் காட்ட ஆரம்பித்தேன்.

"அவள் கையை விடவில்லை" என்றாள் அம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் குழந்தைகளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"உங்கள் அம்மா சமர்த்தாய்த் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். நான்தான் கூப்பிட்டேன். விளக்கேற்ற நேரமாகிவிட்டது, பாகோ இறுகுகிறது. 'சீக்கிரம் பிடி' என்று ஓர் அள்ளு அள்ளி அவள் கையில் வைத்தேன். மேலே ஆறியிருந்தது. உள்ளே இருந்த பாகு ஆறவில்லை. உங்கள் தாத்தா கேட்டபோது பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அப்புறம் மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியமே வரவில்லை."

அடுப்பங்கரையில் சத்தமே இல்லை. இத்தனை வருஷமாக என்னை அடுப்பண்டை சேர்க்காததற்குக் காரணம் என் துடுக்குத்தனம் அல்ல, அவளுடைய பயம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அந்த மங்கலான கண்கள் என் முகம் இருக்கும் திசையைத் தேடியபோது, அது வந்த வழியே போய்விட்டது.

"அம்மா, பாகு இறுகுகிறது. என்ன செய்ய?" என்றேன்.

அம்மா மூச்சு விட்டாள். "இறுகினால் இறுகட்டும். மறுபடி இளந்தீயில் காட்டினால் இளகிவிடும். அவசரமே வேண்டாம். இதை அன்றைக்கே நான் யோசித்திருக்கலாம்."

பிறகு உருண்டை பிடித்தோம். முதலில் நான் தொட்டுப் பார்த்து, உள்ளேயும் சூடு தணிந்திருக்கிறது என்று நிச்சயம் செய்துகொண்டேன். பெரியவன் அரிசி மாவைக் கையில் தடவிக்கொண்டு எலுமிச்சம்பழ அளவில் பிடித்தான். சின்னவளுக்கு அம்மா வேறு யுக்தி சொன்னாள்: நெய் தடவிய சின்னக் கிண்ணத்தில் பொரியைப் போட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்திக் கவிழ்ப்பது. பாதி உதிர்ந்தது, உதிர்ந்ததை அவளே தின்று தீர்த்தாள். மொத்தம் இருபத்திரண்டு உருண்டைகள். ஒன்றுக்கொன்று ஒற்றுமை என்பது மருந்துக்குக்கூட இல்லை. ஈரக் காற்றில் நமுத்துப் போகாமல் இருக்க, நன்றாக ஆறியதும் டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்தோம்.

மறுநாள் மாலை அகல் விளக்கு வரிசைக்கு முன்னால் அவற்றை நைவேத்தியம் செய்தோம். என் கணவர் ஒன்றைக் கடித்துவிட்டு, "எந்தக் கடையில் வாங்கியது?" என்று கேட்டார். சின்னவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் குழந்தைகள் அடுப்பங்கரை வாசலில் வந்து நிற்பார்கள். கோட்டைப் போடுங்கள், ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். தப்பித் தவறிச் சூடு பட்டுவிட்டால் மையும் வேண்டாம், மாவும் வேண்டாம், ஐஸ்கட்டியும் வேண்டாம். உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பெரிய காயமானால் டாக்டரிடம் ஓடுங்கள். பிறகு, யார் தவறு என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அன்றிரவு அம்மா என் இடது கையைப் பிடித்து, அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். "ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கிறது" என்றாள்.

"நான் வளர்ந்துவிட்டேன் அம்மா" என்றேன்.