தையலும் மிதிவண்டியும்

'தையல்' எனுஞ் சொல்லுக்குப் பெண் என்றும் பொருளுண்டு. ஊசியும் நூலுங் கொண்டு துணியை இணைக்குந் தொழில் என்றும் பொருளுண்டு. வகுப்பறையில் இச்சொல்லை விளக்க நேரும்போதும், சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் வரும் துன்னகாரரைப் பற்றிக் கூறும்போதும் எம் நினைவு நூலை விட்டு நீங்கி, எம் இல்லத்துத் தாழ்வாரத்தில் கிடந்த கால்மிதித் தையற்பொறியின்பால் சென்றுவிடும். அப்பொறியில் 1992ஆம் ஆண்டு எம் அன்னையாருக்குத் துணையாக இருந்து யாம் தைத்த ஓர் உடையைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம். அது பெருநாள் உடையன்று, நிக்காஹ் உடையுமன்று. எம் தமக்கையார் மிதிவண்டியேறிப் பள்ளிக்குச் செல்வதற்கென்றே தைத்த உடை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அக்காலத்தில் நிகழ்ந்ததை இன்றைய மாணவச் செல்வங்கள் பலர் அறியார். 1991ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்கள் கற்க வேண்டும் என்று கருதினார்கள். ஓரிரு ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் பெண்கள் வண்டியோட்டக் கற்றனர். கல்லுடைக்கும் பெண்கள், வயல்வேலைப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பலரும் அதில் அடக்கம். நம் சமுதாயப் பெண்களும் பின்தங்கவில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளியான தம் நூலில் இதனை விரித்து எழுதியுள்ளார். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதனையே விரும்பியவர்களும் உண்டு. ஆனால் அக்கம்பியைத் தாண்டிக் காலைப் போடும்போது சேலையும் பாவாடையும் என்ன பாடுபடும் என்பதை எந்த மேடையிலும் எவரும் பேசக் கேட்டிலோம். அது அவரவர் வீட்டுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கலாகவே விடப்பட்டது.

எம் சிற்றூரில் பத்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். மேனிலைப் பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர் செல்ல வேண்டும். பேருந்தோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலைப் பேருந்து வந்தால் மாலைப் பேருந்து வராது. அத்தா பழைய ஆண்கள் வண்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். தமக்கையார் குரங்குப் பெடலில் தொடங்கிப் பத்தே நாளில் கம்பிக்கு மேலே காலைப் போட்டு ஓட்டலானார். பள்ளிச் சீருடை பாவாடையும் தாவணியும். ஊர் எல்லை வரையிலேனும் அதன்மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியாக வேண்டும் என்பது எம் நன்னியாரின் கட்டளை.

மூன்றாம் வாரத்தில் அது நடந்தது. கண்மாய்க் கரைச் சரிவில் வண்டி வேகங்கொண்டபோது துப்பட்டியின் நுனி நழுவிப் பின்சக்கரத்துக் கம்பிகளிற் சுற்றிக்கொண்டது. சக்கரம் சுழலச் சுழலத் துணி இறுகிற்று. தலை பின்னோக்கி இழுபட்டது. வண்டியோடு கருவேலங் காட்டோரம் விழுந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஓடி வந்து, இடுப்பிலிருந்த அரிவாளால் துணியை அறுத்திராவிட்டால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் எண்ண அஞ்சுகின்றோம். அல்லாஹ்வின் கருணையால் முழங்கையிற் காயமும் கழுத்தில் ஒரு சிவந்த கோடும் மட்டுமே மிஞ்சின.

அன்றிரவு வீட்டில் மன்றம் கூடிற்று. பெரியத்தாவும் வந்திருந்தார்கள். "பிள்ளை உயிரை விடவா படிப்புப் பெருசு? வண்டியை வித்துடுங்க" என்றார்கள் நன்னியார். அச்சொல்லைப் பிற்போக்கு என்று இன்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் பேத்தியின் கழுத்துக் காயத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அவர்கள் அதைச் சொன்னார்கள், கை நடுங்கிக்கொண்டிருந்தது. வண்டியை விற்றால் படிப்பும் நின்றுவிடும் என்பது அங்கிருந்த அனைவர்க்கும் தெரியும். எவரும் அதை வாய்விட்டுக் கூறவில்லை.

எம் அன்னையார் மட்டும் ஒரு மூலையில் அரிக்கேன் விளக்கருகே அமர்ந்து, கிழிந்த துப்பட்டியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். மசகு படிந்த இடம் எது, கம்பியில் முதலில் மாட்டிய இடம் எது, எத்தனை சுற்றுச் சுற்றியது என்று விரலால் அளந்தார்கள். பாவாடையின் வலப்பக்க ஓரத்திலும் சங்கிலி கடித்த கருந்தழும்புகள் இருந்ததை எமக்குக் காட்டினார்கள். பிறகு, "அம்மா, ஒரு மாசம் தவணை குடுங்க. துணியை மாத்திப் பாக்குறேன். அப்புறமும் உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா வண்டியை வித்துடலாம்" என்றார்கள்.

அந்த ஒரு மாதம் எம் வீடு தொழிற்கூடமாயிற்று.

சீருடை விதியை மீற வழியில்லை. பாவாடை பாவாடையாகவே தோன்ற வேண்டும். ஆகவே பார்வைக்குப் பாவாடையாகவும் உண்மையில் இரு கால்களாகப் பிளந்ததாகவும் ஒன்றைத் தைப்பதென முடிவாயிற்று. கருநீலப் பருத்தித் துணி மூன்றரை மீட்டர் வாங்கி, ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்தினோம். ஊறவைக்காமல் வெட்டினால் முதற்சலவையிலேயே பருத்தி சுருங்கி அளவெல்லாம் பொய்த்துவிடும். பழைய செய்தித்தாள்களை ஒட்டி வெட்டுமாதிரி செய்தோம். முன்னும் பின்னும் நடுவில் ஆழமான மடிப்புகள் வைத்துப் பிளவை மறைத்தோம். நின்றால் பாவாடை, ஏறினால் காற்சட்டை.

முதலுடை இரண்டாம் நாளே கவட்டில் கிழிந்தது. தமக்கையாரை நிற்க வைத்து அளவெடுத்ததே பிழை. இருக்கையில் அமர்ந்து முன்னே குனியும்போது இடுப்பின் பின்புறத்திலிருந்து கவடு வரையுள்ள நீளம் கூடிவிடுகிறது. மிதிதண்டின் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். எனவே ஒவ்வொரு சுற்றிலும் பாதம் 34 சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. அதற்குத் துணி இடங்கொடுக்க வேண்டாவா? அன்னையார் வண்டியைச் சுவரோரம் நிறுத்தித் தமக்கையாரை அதன்மேல் அமர்த்தி, மிதியை மேலும் கீழுமாக நிறுத்தி மறுபடியும் அளந்தார்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. நான்கு தையல்களும் கவட்டில் ஒரே புள்ளியிற் சந்தித்தன; அம்முடிச்சு இருக்கையோடு உராய்ந்து தொடையைப் புண்ணாக்கிற்று. இதனை அன்னையாரிடம் சொல்லக்கூடத் தமக்கையார் வெட்கினார். யாம்தாம் தூது சென்றோம். அன்னையார் சற்று எண்ணிப் பார்த்து, சாய்சதுர வடிவில் ஒரு துண்டு வெட்டி அவ்விடத்தில் இணைத்தார்கள். நான்கு தையல்களும் நான்கு மூலைகளுக்கு விலகின. நடுவில் வெறுந்துணி மட்டும் நின்றது. கால் விரியவும் இடம் கிடைத்தது. தையல் விளிம்புகளை மடித்து அமுக்கி இரண்டாம் முறை தைத்ததால் உள்ளே பிசிறும் இல்லை. கணுக்காலோரம் மடிப்புக்குள் நாடா கோத்தார்கள். வண்டியேறும்போது இழுத்து முடிந்தால் துணி சங்கிலிக்கு எட்டாது. பள்ளி வாயிலில் அவிழ்த்துவிட்டால் பாவாடை பழையபடி விரியும்.

கிழிந்த துப்பட்டியை வீசிவிடவில்லை. நல்ல பகுதியை வெட்டி, தொடை வரை தாழும் தளர்ந்த மேலங்கியும், மோவாய்க்குக் கீழே மூடித் தைத்த முக்காடும் ஆக்கினோம். முக்காட்டின் கீழ்விளிம்பு அமுக்குப் பொத்தான்களால் மேலங்கியோடு பொருந்திக்கொள்ளும். பறக்கும் நுனி என்று ஒன்றுகூட இராது. பொத்தான்களைக் கையால் தைத்தவர்கள் அத்தா. மளிகைக் கடையை அடைத்து வந்து இரவில் ஊசியுங் கையுமாக அமர்ந்ததைக் கண்டு நன்னியார், "ஆம்பிளை செய்யிற வேலையா இது?" என்றார்கள். அத்தா தலைநிமிராமலே, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை எடுத்துரைத்தார்கள். நன்னியார் அதன்பின் ஒன்றுங் கூறாமல் விளக்கின் திரியைச் சற்றே தூண்டிவிட்டுச் சென்றார்கள்.

இத்தனை பாடும் பெண்ணுக்கே. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியேறும் ஆடவர் எவரும் இதற்காக ஒரு முழத் துணியேனும் வெட்டியதாக யாம் அறியோம்!

தவணை முடிந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின், நன்னியார் திண்ணையில் அமர்ந்தார்கள். தமக்கையார் தெருவில் மூன்று முறை போய் வர வேண்டும் என்பது ஆணை. முதன்முறை மௌனம். இரண்டாம் முறை, "மெல்லப் போ" என்றார்கள். மூன்றாம் முறை வந்து இறங்கியதும் மேலங்கியின் பின்புறத்தைப் பிடித்து, "குனியும்போது இது மேலே ஏறுது. இதைக் கவனிக்கலையே நீங்க" என்று அன்னையாரைக் கடிந்து, தையற்பொறியின் இழுப்பறையிலிருந்த சுண்ணக்கட்டியைத் தாமே எடுத்து, வெட்டுமாதிரிக் காகிதத்தில் நான்கு விரற்கடை கீழே தள்ளி ஒரு கோடு இழுத்தார்கள். அவர்கள் எழுதப் படிக்க அறியாதவர்கள். அக்கோடே அனுமதியாயிற்று. தமக்கையார் ஈராண்டும் அவ்வண்டியில் சென்று மேனிலைத் தேர்வில் தேறினார். பின்னர் ஆசிரியர் பயிற்சியும் முடித்தார்.

பல்லாண்டுகள் கழித்து மிதிவண்டியின் வரலாறு பற்றி நூலகத்திற் படிக்க நேர்ந்தபோது எமக்கு வியப்பு மேலிட்டது. 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலிசபெத் ஸ்மித் மில்லரும், 'தி லில்லி' இதழை நடத்திய அமீலியா புளூமரும் குட்டைப் பாவாடையின் கீழே கணுக்காலில் குவிந்த தளர்காற்சட்டை அணிந்தனர். அதற்கு அந்நாட்டார் இட்ட பெயர் என்ன தெரியுமா? துருக்கி உடை! உதுமானியப் பேரரசின் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அணிந்துவந்த சால்வாரே அதற்கு முன்மாதிரி. ஏளனம் தாங்காமல் சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 1890களில் மிதிவண்டி பரவிய பின்னரே மீண்டும் தலைதூக்கிற்று. அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. ஹார்பர்ட்டன் சீமாட்டி பிளவுடையோடு வந்தார் என்பதற்காக 1898இல் இங்கிலாந்தின் விடுதி ஒன்று தன் சிற்றுண்டிக் கூடத்தில் அவரை அமரவிடவில்லை. வழக்குத் தொடுத்தும் பயனில்லை. 1895இல் இலண்டன் தையற்காரப் பெண்மணி ஆலிஸ் பைக்ரேவ், பாவாடையின் முன்னும் பின்னும் தையலுக்குள் நாடா ஓடவிட்டு, இழுத்தால் துணி மேலேறும்படி அமைத்துக் காப்புரிமை பெற்றார். எம் அன்னையார் அப்பெயரைக் கேட்டதில்லை. சங்கிலியிடமிருந்து துணியைக் காக்க எண்ணிய இரு பெண்களும், ஒரு நூற்றாண்டு இடைவெளியில், நாடாவையே நாடியிருக்கின்றனர். இதனைக் கூறியபோது அன்னையார், "அவங்க கவட்டுத் துண்டு வச்சாங்களா?" என்று மட்டும் வினவினார்கள்.

பின்னாளில் தமிழக அரசு மாணவர்க்கு மிதிவண்டி வழங்கலாயிற்று. 2001ஆம் ஆண்டையொட்டி ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென்று தொடங்கியது பிறகு பிறர்க்கும் விரிந்தது. சீருடையும் சுடிதாராக மாறிற்று. ஆயினும் துப்பட்டாவும் பர்தாவும் சக்கரத்திற் சிக்கிய செய்தியைப் படிக்காமல் எமக்கு ஓராண்டும் கழிந்ததில்லை.

சென்ற ஆண்டு தமக்கையாரின் மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்தாள். அவளிடமிருப்பது பல்சக்கர விசை மாற்றும் புதுவகை வண்டி. கடையில் விற்கும் ஓட்ட உடை உடலை ஒட்டிக்கிடக்கிறது, தனக்கு அது ஒவ்வாது என்றாள். "பெரியம்மாவுக்கு மட்டும்தான் அந்தப் பழைய கதை தெரியுமா, சின்னம்மா? அந்த வெட்டுமாதிரி இருக்கா?" என்று அன்னையாரிடம் கேளாமல் எம்மிடம் கேட்டாள். அவள் 'பெரியம்மா' என்றது எம் அன்னையாரைத்தான். அவ்வாறே அழைத்துப் பழகிவிட்டாள். வெட்டுமாதிரி பெட்டியடியில் இருந்தது. செய்தித்தாள் பழுப்பேறித் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. புதுத்தாளில் படியெடுத்தோம். தையற்பொறிக்குப் புதிய தோல்வார் மாட்டினோம். அன்னையாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால் ஊசியில் நூல் கோக்கும் பணி மட்டும் எம்முடையது. மற்றதையெல்லாம் கைத்தடவலிலேயே செய்தார்கள்.

புதுவண்டியில் கைப்பிடி தாழ்ந்தும் இருக்கை உயர்ந்தும் இருப்பதால் அதிகம் குனிய வேண்டியிருக்கிறது. அவளை வண்டியில் அமர்த்தி அளந்து பார்த்தோம். நன்னியார் மறைந்து பதினெட்டு ஆண்டுகளாகின்றன. அவர்கள் இழுத்த சுண்ணக்கோடு மங்கலாக இன்னும் தெரிந்தது. அதிலிருந்து மேலும் இரண்டு விரற்கடை கீழே தள்ளிக் கத்தரிக்கோலை வைத்தோம்.