அம்மாச்சியும் ஒரு கடைவாய்ப்பல்லும்

எங்க அம்மாச்சி நூலைக் கத்தரிக்கோலால் வெட்டி நான் பார்த்ததே இல்லை. கிழிஞ்ச சாக்கைத் தைத்தாலும் சரி, சட்டைப் பொத்தான் வைத்தாலும் சரி, முடிச்சுப் போட்டு முன்பல்லால் ஒரு கடி, அவ்வளவுதான். போன வருஷம் பொங்கலுக்கு வீரசோழன் போயிருந்தபோது, "அய்யா, அந்தப் பிளேடை எடு" என்று கேட்டுச்சு. பல்லு போச்சா என்று கேலி செய்தேன். வாயைத் திறந்து காட்டுச்சு. பல்லெல்லாம் வரிசையாக இருந்தது, கீழ்க்கடைவாயில் ஒன்றைத் தவிர. ஆனால் வாயை மூடினால் கடைவாய்ப்பற்கள் மட்டும் முட்டுகின்றன, முன்பற்கள் சேரவே இல்லை. நூல் எப்படி அறுபடும்?

அந்த ஒரு பல் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருஷம் காதுப்பக்கம் வலி என்று சொன்னபோது, பல்வலி என்று நினைத்து டவுனில் ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனது நான்தான். பிடுங்கினார்கள். வலி நிற்கவில்லை.

விரல் கணுக்கள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடக்க முடியாமல் அம்மாச்சி ஆறு வருஷமாகக் கஷ்டப்பட்டது. "வாதம்" என்று சொல்லி எண்ணெய் தேய்த்ததோடு சரி. விரலும் தாடையும் ஒரே நோய் என்று யாருக்குத் தோன்றும்? (மைக்ரோபயாலஜி படிக்கிற எனக்கே தோன்றவில்லை. பரீட்சையில் முடக்குவாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினவன் நான். வெட்கமாக இருக்கிறது.)

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஒன்று உருளுகிறது இல்லையா? அதுவும் முழங்கால் மாதிரி ஒரு மூட்டுதான். உள்ளே மெல்லிய சவ்வு உண்டு. முடக்குவாதத்தில் கிருமியைத் தாக்க வேண்டிய டி செல்லும் பி செல்லும் மேக்ரோஃபேஜும் அந்தச் சவ்வுக்குள் வந்து குடியேறுகின்றன. டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-6 என்று ரசாயனச் சேதி அனுப்பி மேலும் ஆள் சேர்க்கின்றன. சவ்வு தடித்துக் குருத்தெலும்பின் மேல் படர்கிறது. பிறகு எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் விழித்துக்கொள்கின்றன. இவையும் மேக்ரோஃபேஜின் பங்காளிகள்தான், ஒரே வம்சம்! இரண்டு பக்கமும் தாடையெலும்பின் தலை தேய்ந்தால் கீழ்த்தாடை பின்னால் சரியும், முன்பற்கள் பிரியும். பெரும்பாலும் கை, கால் மூட்டுகளுக்குப் பிறகுதான் தாடைக்கு வரும். அதனால்தான் பல்வலி, காதுவலி என்று ஏமாந்துவிடுகிறோம்.

மதுரையில் மூட்டு டாக்டர் முதலில் பார்த்தது வாயை இல்லை, விரல்களை. அப்புறம் ஆன்டி-சி.சி.பி ரத்தப் பரிசோதனை, தாடை எக்ஸ்ரே. சாதாரணமாக வாய்க்குள் மூன்று விரல் நிற்கவைத்து நுழையும். அம்மாச்சிக்கு ஒன்றரைதான் நுழைந்தது.

1992-இல் லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் டி.என்.எஃப்-ஐ மட்டும் தடுக்கும் மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் இறங்கியது. மைனி லூதியானாவில் பிறந்தவர். அந்த வகை ஊசி விலை எங்க வீட்டுக்குத் தாங்காது, போடுவதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்களுக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரைதான். வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், காலண்டரில் செவ்வாய்க்கிழமை மட்டும் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன்.

இப்போது வலி குறைந்திருக்கிறது, இரண்டு விரல் நுழைகிறது. தேய்ந்த எலும்பு பழையபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காராச்சேவை டீயில் ஊறவைத்துத் தின்கிறது. போன வாரம் போன் பண்ணியபோது திடீரென்று கேட்டுச்சு: "அய்யா, அன்னைக்குப் புடுங்குனாங்களே, அது நல்ல பல்லா?"

"கொஞ்சம் சொத்தைதான் அம்மாச்சி" என்றேன்.