பெரட்டுக்கு வந்த பேய்

பிப்ரவரி 8, 2025
இறுதியாண்டுப் படம் பேய்ப்படம்தான். அதுவும் சிரிக்க வைக்கிற பேய். கையில் மூவாயிரம் வெள்ளி இருக்கிறது. பயமும் சிரிப்பும் ஒரே குறும்படத்தில் ஒட்டாது, ஏதாவது ஒன்றை எடு என்கிறார்கள். ஒட்டும். மாமாட் காலிட் 2007-இல் 'ஸோம்பி கம்போங் பீசாங்' எடுத்து ஒரு கம்பம் முழுவதையும் பயத்துக்குள்ளேயே சிரிக்க வைத்தார். நம் தோட்டத்திலும் அது முடியும்.

பிப்ரவரி 11
தைப்பூசம். வீடே பத்துமலைக்குப் போய்விட்டது. நான் மட்டும் திரைக்கதையோடு உட்கார்ந்திருக்கிறேன். பேய் வருகிறது, ஏன் வருகிறது என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 15
கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கிய வெள்ளைச் சேலையைப் பாட்டியிடம் விரித்துக் காட்டினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"தோட்டத்துல எந்தப் பேயிம்மா வெள்ளச் சேல கட்டுச்சி? அதெல்லாம் சினிமாப் பேயி."

பாட்டி காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்கிவிடுமாம்.

"முழுக்கைச் சட்டை, தலையில துண்டு, நெத்தியில வெளக்கு. மொகம் தெரியாது பாப்பா, வெளக்குதான் தெரியும். நெரையில நிக்கிறவங்கள எண்ணுவோம். ஆளு பன்னெண்டு, வெளக்கு பதிமூணு இருந்துச்சின்னா, அன்னிக்கி எவளும் வாயத் தொறக்க மாட்டா."

கையில் மயிர் சிலிர்த்துவிட்டது. அந்தப் பதிமூன்றாவது விளக்கு யாருடையது என்று கேட்டேன்.

"சம்பளம் வாங்காமச் செத்தவளோடது."

இத்தனை நாளாக எனக்குப் பிடிபடாத காரணம் இதுதான். செத்துப்போனது தெரியாமல் ஒருத்தி தினமும் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வருகிறாள். தோட்டத்துக் கணக்கர் கிராணி, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டார். 'நான் வந்துட்டேன், பேரப் போடுங்க' என்று அவள் நிற்கிறாள். கிராணி நடுங்கிக்கொண்டே சட்டதிட்டம் பேசுகிறார். விடிய விடிய எழுதினேன். எழுதும்போது நானே சத்தமாகச் சிரித்தேன்.

பிப்ரவரி 16
சேலையைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

பிப்ரவரி 23
காப்பாரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனை. நெற்றி விளக்குப் பேய்க்கு ரப்பர் மரம்தான் வேண்டும். குவாலா சிலாங்கூர் போகிற வழியில் ஒரு அங்கிள் தன் சிறு தோட்டத்தைக் கொடுத்தார். காசு வேண்டாம், கொசுவத்தி மட்டும் கொண்டு வாங்க என்றார்.

நேற்று இரவு முதல் படப்பிடிப்பு. கேமராவை ஒரு பலகையில் கட்டி, ஆளுக்கொரு முனை பிடித்து மரங்களுக்கிடையே ஓடினோம். சாம் ரெய்மி 'ஈவில் டெட்' (1981) படத்தில் அப்படித்தான் எடுத்தார். விலை உயர்ந்த கருவி வாங்க அவரிடமும் காசு இல்லை. பேயின் கண்ணால் காடு பாய்ந்து வருகிறது! திரையில் பார்த்ததும் எல்லோரும் கத்திவிட்டோம். ரத்தத்துக்கு ரோஸ் சிரப். அரை மணி நேரத்தில் கிராணியின் காலர் முழுக்க எறும்பு. பாவம், அசையாமல் நடித்து முடித்தான்.

கடல் பக்கம் கேமராவைத் திருப்பினால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி விளக்குகள் சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன. கதை நடப்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில். அந்தத் திசையில் இனி ஷாட் கிடையாது.

மார்ச் 2
நோன்பு தொடங்கிவிட்டது. லைட் பார்க்கும் நண்பன் நோன்பு திறந்த பிறகுதான் இனிப் படப்பிடிப்பு. அவன் வரும்போது பஜாரிலிருந்து எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறான்.

மார்ச் 9
சைக்கிள் காட்சி. துரை எதிரே வருகிறார். எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறார்கள். பேய் மட்டும் பெல் அடித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போகிறது. துரையின் தொப்பி பறக்கிறது. தொப்பிக்காகத்தான் அதை எழுதினேன்.

இன்று பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். தொப்பி பறக்கும் முன்பே சிரித்தார். பேய் இறங்காமல் போனபோதே சிரிப்பு வந்துவிட்டது. புரையேறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா பாக்கணும் இத" என்றார்.

பிறகு தேடிப் படித்தேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கூலி உயர்வோடு கேட்டவற்றில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அவர்களின் சங்கத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

இதே மண். பள்ளியில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. தொப்பி ஷாட்டை வெட்டிவிடலாமா? படத்தொகுப்பாளன் கூடாது என்கிறான். அரங்கம் சிரிக்கப்போவதே அங்கேதானாம்.

மார்ச் 14
எதுவும் சிரிப்பாக இல்லை. பயமாகவும் இல்லை. ஜெனரேட்டர் இரைச்சல் எல்லா வசனத்திலும் ஏறியிருக்கிறது.

மார்ச் 20
தொப்பி இருக்கட்டும். பேய் தாண்டிப் போவதை மட்டும் நீட்டிவிட்டோம். பெல் சத்தம் தேயும் வரை ஷாட் ஓடுகிறது.

முடிவில்தான் தகராறு. பேய்க்குச் சம்பளம் கிடைத்தால் கைதட்டல் வரும் என்கிறான் படத்தொகுப்பாளன். கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு விதமாகவும் வெட்டி வைத்திருக்கிறோம்.

நாளை பேயின் குரலைப் புதிதாகப் பதிய வேண்டும். பாட்டிதான் பேசப்போகிறார். வசனத்தை வாசித்துக் காட்டினேன்: "என் சம்பளத்தக் குடுங்க."

"எத்தன நாளு, எவ்வளவு காசுன்னு சொல்ல வேணாமா? கணக்குச் சொல்லாம எவ போயி சம்பளம் கேப்பா?"

சரி, நீங்களே ஒரு கணக்குச் சொல்லுங்க பாட்டி என்றேன்.

"எந்த வருசத்துக் கணக்கு?" என்கிறார்.