'கியர் பாக்ஸ் போச்சு'ன்னாங்க... ஆனா குற்றவாளி வேற!

நாமக்கல்லில் என் சித்தப்பாவுக்கு ஒரே ஒரு லாரி. ஆறு சக்கரம், 18 வருடப் பழசு. அதன் மேல் வாங்கிய கடனுக்கு அதுவே ஓடித்தான் தவணை கட்ட வேண்டும்.

போன மாசம் கிளட்ச் தேய்ந்துபோய், மேட்டில் இன்ஜின் உறுமுகிறதே தவிர வண்டி ஏறவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். வண்டியை வெளியே எடுத்தால் புதுத் தலைவலி. பெடலை முழுசாக மிதித்தாலும் முதல் கியர் விழவில்லை, கறகறவென்று பல் அரைக்கிறது. ரிவர்ஸ் இன்னும் மோசம். "கியர் பாக்ஸ் போச்சுங்க" என்று அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு, சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாள் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். அறுபதைத் தாண்டிய பெரியவர். ஸ்பேனரைத் தொடவே இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டார். எல்லாம் சத்தமில்லாமல் விழுந்தது. ஸ்டார்ட் செய்ததும் மறுபடி கறகற.

"பாக்ஸ் நல்லாத்தான் இருக்குது கண்ணு. கிளட்ச்தான் விடமாட்டேங்குது" என்றார் என்னிடம்.

கிளட்ச் ஏன் விடாது? ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கலாம். கிளீனர் தம்பி பெடலை மிதிக்க, பெரியவர் காற்றை வெளியேற்றினார். சத்தம் குறையவில்லை. அடுத்து, வண்டிக்கு அடியில் படுத்து, மிதிக்கும்போது ஸ்லேவ் சிலிண்டரின் ராடு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். போதுமான அளவு நகர்ந்தது. அப்படியென்றால் கோளாறு உள்ளே. பாக்ஸை இறக்குவதைத் தவிர வழியில்லை.

பிளேட்டைத் திருப்பி மாட்டியிருப்பார்களோ என்றுதான் முதலில் பார்த்தார். இதுவும் அடிக்கடி நடப்பதுதானாம். சரியாகவே இருந்தது. பாக்ஸை ஏற்றும்போது அதன் கனத்தைப் பிளேட் மேல் தொங்கவிட்டாலும் பிளேட் கோணிக்கொள்ளும்; அதுவும் இல்லை. கடைசியில் ஃபிளைவீலின் நடுவில் விரலை விட்டுத் திருப்பினார். அங்கே உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ஸ்பிகாட் பேரிங். துருவேறி, அசையவே இல்லை.

கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் மூக்கு அதற்குள்தான் உட்காருகிறது. கிளட்ச்சை மிதித்ததும் இன்ஜின் சுற்ற, ஷாஃப்ட் நிற்க வேண்டும். இறுகிப்போன பேரிங் ஷாஃப்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டே இருந்தால் கியர் எப்படி விழும்? கிளட்ச் செட் வாங்கும்போது இது பெரும்பாலும் கூட வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பாக்ஸை இறக்குகிற கூலியோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை. இதை மாற்றாமல் பாக்ஸை ஏற்றுவதைக் கஞ்சத்தனம் என்பதா, அவசரம் என்பதா, எனக்குத் தெரியவில்லை.

அன்று இரவே புது பேரிங் போட்டு, சித்தப்பா லோடு ஏற்றப் போய்விட்டார். முதல் வேலைக்குக் கொடுத்த கூலியைத் திருப்பிக் கேட்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.