அம்பாசமுத்திரம் பஸ்

போன ஆடியில் ஒருநாள் சாயங்காலம், எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டுக்கு வெளியே அப்பா என்னை நிறுத்திக் கேட்டார். "சார், அம்பாசமுத்திரம் பஸ் எங்க நிக்கும்?"

நான் ஆபீஸ் முடிந்து வந்துகொண்டிருந்தேன். அவர் கையில் மஞ்சள் பை. உள்ளே ஒரு துண்டும் டிவி ரிமோட்டும் இருந்தன.

அம்மா போன பிறகு அவரைச் சென்னைக்குக் கூட்டிவந்தது நான்தான். டாக்டர் டிமென்ஷியா என்று சொல்லி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரிலும் அவர் நடந்துகொண்டேதான் இருந்தார். டீக்கடை, லைப்ரரி, ஆற்றங்கரை. வழி தப்பினால் யாராவது, "அண்ணாச்சி, வீடு அந்தப் பக்கம்லா இருக்கு" என்று திருப்பிவிடுவார்கள். இங்கே நாலாவது மாடியில் ஒரே நிறத்தில் எட்டுக் கதவுகள். அதே நடைக்கு இங்கே 'காணாமல் போவது' என்று பெயர்.

அன்றிரவு வெளிப்பூட்டு வாங்கி மாட்டினேன். அவர் கதவின் கைப்பிடியை ஆட்டிக்கொண்டே இருந்த சத்தத்தை ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். நாம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் துடிக்கும் செல்கள் மூளையின் ஹிப்போகாம்பஸில் இருப்பதை 1971இல் ஜான் ஓ'கீஃப் எழுதினார். 2014இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அல்சைமர் நோய் முதலில் தொடும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதியும் உண்டு. பழைய வீட்டின் வழி பல வருஷப் பழக்கத்தில் காலுக்கே தெரியும். புது வீட்டுக்குப் புதிதாக வரைபடம் போடவேண்டும். அப்பாவுக்கு வரைகிற கைதான் முதலில் விழுந்திருந்தது.

அப்படியென்றால் ரோல்பேக் செய்தால் போதும் என்று என் எஞ்சினியர் புத்தி கணக்குப் போட்டது. பொங்கல் லீவில் ஊருக்குக் கூட்டிப்போனேன். முதல் இரண்டு நாள் அற்புதம். ராத்திரி லைட் போடாமலே பாத்ரூம் போய்வந்தார். மூன்றாம் நாள் அந்தியில், தான் கட்டிய வீட்டின் தார்சாவில் உட்கார்ந்துகொண்டு, "நேரமாவுது தம்பி, வீட்டுக்குப் போணும்" என்றார்.

"எந்த வீட்டுக்குப்பா?"

"எங்கம்மா தேடுவா."

ஆச்சி இறந்து நாற்பது வருஷமாகிறது. அந்த வீட்டுக்கு என்னால் டிக்கெட் போடமுடியாது.

திரும்பி வரும்போது அவருடைய ஈசிசேரையும் பழைய சுவர்க்கடிகாரத்தையும் கொண்டுவந்தோம். எங்கள் கதவுக்கு ஊர்வீட்டுக் கதவின் பச்சையை அடித்தோம். பாத்ரூம் கதவைத் திறந்தே வைத்து உள்ளே லைட் போட்டுவிடுகிறோம். வீட்டுக்குள் தடுமாறுவது குறைந்திருக்கிறது. சாயங்காலமானால் புறப்படுவது மட்டும் குறையவில்லை.

ஜெர்மனியில் டுசெல்டார்ஃபில் ஒரு முதியோர் இல்லம் தன் வாசலில் பஸ்ஸே வராத பஸ் ஸ்டாப் ஒன்றை வைத்தது. வெளியே கிளம்புகிறவர்கள் அங்கே உட்கார்ந்து காத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கே போகக் கிளம்பினோம் என்பதே மறந்துவிடும். படித்தபோது ஏமாற்று வேலை என்று கோபம் வந்தது.

இப்போது ஐந்து மணிக்குப் பூட்டைத் திறந்துவிடுகிறேன். இருவரும் கேட் பக்கத்து வாட்ச்மேன் பெஞ்சில் உட்காருகிறோம். நேற்று கேட்டார்: "சாருக்கு எந்த ஊரு?"

"அம்பாசமுத்திரம்."

"அட, நம்மூரு." நகர்ந்து இடம்விட்டார். "உக்காருங்க. பஸ் வந்திரும்."